ஓட்டுநர் பக்கத்து பெல்ட்

கராகோல்,
கிர்கிஸ்தான்,
28 செப்டம்பர் 2017

அன்பு மருமகள் புருலுக்கு உன் தாய்மாமன் ஜுமாகதிர் எழுதுவது.

பதினொரு முறை போன் செய்தேன். பதினொரு முறையும் ஒரே பெண் எடுத்து, நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னாள். நல்ல குரல். இன்னும் இரண்டு முறை பேசினால் அவளை வீட்டு விருந்துக்கே அழைத்துவிடுவேன். "பிஷ்கேக்கில டவர் சரியில்ல போல" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "என்கிட்ட தினம் காலையில பேசுறாளேடா" என்றாள். அக்காவுக்கு வயதாகிறது, எதையோ சொல்கிறாள்.

அதனால் இந்தக் கடிதத்தைப் பல்பக்கின் வாடகைக் காரில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு ஜாடி அஷ்லான்ஃபூ. ஏழு மணி நேரப் பயணத்தில் நூடுல்ஸ் கொஞ்சம் ஊறியிருக்கும். காரத்தை மட்டும் பார்.

தோள் எப்படி இருக்கிறது? இங்கே சந்தையில் இறங்கினால் உன் பேச்சுதான். நான்கு பேர் நிறுத்திக் கேட்கிறார்கள், நானும் சலிக்காமல் சொல்கிறேன். மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கிய முந்நூறு குதிரைகள் சாலையை அடைத்து வந்ததையும், என் மருமகள் ஸ்டீயரிங்கை ஒரே வெட்டாக வெட்டி ஒரு குதிரையின் வால் மயிரைக்கூடத் தொடாமல் வண்டியைத் திருப்பியதையும், திருப்பிய இடத்தில் யாரோ ஒரு பாவி கான்கிரீட்டில் தொப்பி வடிவப் பஸ் நிறுத்தத்தைக் கட்டி வைத்திருந்ததையும் சொல்லுவேன். தொப்பியின் விளிம்புதான் போயிற்று. தலை அப்படியே இருக்கிறது.

பிறகு ஏர்பேக் கட்டம். அங்கேதான் கூட்டம் வாயைப் பிளக்கும். "இடிச்சதும் கியருக்குக் கீழ இருக்கிற சின்னப் பெட்டி யோசிக்குது. இது குழியா, சுவரா? நீ கண்ணைச் சிமிட்டுறதுல பத்துல ஒரு பங்கு நேரம்தான் அதுக்கு. சுவர்னு தெரிஞ்சதும் முதல்ல பெல்ட் சுருளுக்குள்ள இருக்கிற வெடியைக் கொளுத்துது. சுருள் விருட்டுனு பின்னால சுத்தி, நாலு விரல் தொய்வையும் உள்ள இழுத்து, ஆளை சீட்டோட ஒட்ட வெச்சிடுது. அப்புறம் பை! ஜப்பான்காரன் நம்ம மூஞ்சிக்கு முன்னால பீரங்கி வெச்சிருக்கான்டா. குண்டுக்குப் பதிலா தலையணை!" ஒரு கிழவர் என்னிடம் இரண்டு முறை காசு கொடுக்காமல் இதைக் கேட்டார், மூன்றாம் முறை தேநீர் வாங்கித் தந்தார்.

அறிக்கையையும் பிரமாதமாக எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் கல்மாமத் என்னிடம் ஓட்டக் கற்றவன்தானே, பேனாவையே என் கையில் கொடுத்துவிட்டான். படிவத்தின் கடைசிக் கட்டம், 'கூடுதலாகச் சொல்ல விரும்புவது', வெறும் நான்கு வரி. அதற்குள் நான் அடங்குவேனா? இன்னும் இரண்டு தாள் வாங்கினேன். பெல்ட் உன் இடத் தோளில் நீல நாடாபோல் பதிந்திருப்பதைப் படித்துவிட்டு அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

போன வெள்ளிக்கிழமை பதக்கமும் கொடுத்துவிட்டார்கள். 'முப்பது ஆண்டு விபத்தில்லா ஓட்டுநர்.' பயிற்சிப் பள்ளி வாசலில் என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஆக நாம் பேசிக்கொண்டபடி எல்லாம் நல்லபடி முடிந்தது. உன் டிராலிபஸ் டிப்போவிலும் இவ்வளவு தைரியமான பெண்ணை விடமாட்டார்கள்.

என் மூக்கு பரவாயில்லை. மீசையை எடுத்துவிட்டேன். இப்போது அதுதான் நாகரிகமாம்.

உன் மாமன்,
ஜுமாகதிர்


பிஷ்கேக்,
2 அக்டோபர்

மாமா,

அஷ்லான்ஃபூவைப் பல்பக் அண்ணனே சாப்பிட்டார். ஜாடியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன்.

முந்நூறு குதிரை இல்லை. ஒரு சினைக் குதிரை. அதுவும் சாலையோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது நீங்கள். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, ஏர்பேக் எவ்வளவு பெரிதாக விரியும் என்று எனக்கு அளந்து காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

'நாம் பேசிக்கொண்டபடி' என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எங்கே பேசினோம்? வண்டிக்குள் ஏர்பேக்கின் வெள்ளைத் தூள் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "புருல், நீ ஓட்டினதா சொல்லிடும்மா. உன்னை ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. எனக்கு வர்ற வெள்ளிக்கிழமை பதக்கம்" என்றீர்கள். நான் தலையாட்டினேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். அது இருமல்.

ஆனால் கல்மாமத் வந்து கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்தும் போட்டேன். அந்த வெட்கம் என்னுடையது. அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

நான்கு வருடம் டிராலிபஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். ஓட்டுநர் படிப்பை முடித்தேன். இந்த மாதம் ஓட்டுநர் இருக்கை கிடைக்க வேண்டியது. விபத்து அறிக்கை டிப்போவுக்கு வந்துவிட்டது. என் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் மருத்துவப் பரிசோதனை.

டவர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் எண்ணை அடைத்து வைத்திருப்பது நான். அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.

புருல்


கராகோல்,
5 அக்டோபர்

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. குதிரை லாயத்தில் நின்றுகொண்டே படித்தேன். உன் அத்தை, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "தோள் தேறிட்டு வருதாம்" என்றேன்.

ஒரு குதிரை என்கிறாய். நான் பார்த்தபோது அதிகமாகத்தான் இருந்தது. சரி, முந்நூறு இருக்காது. ஒரு இருபது என்று வைத்துக்கொள்வோம்.

இல்லை. ஒன்றுதான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதே. நான் பெல்ட் போட்டிருக்கவில்லை. மூன்று வருடமாகவே அந்த வண்டியில் என் பக்கத்து பெல்ட் முதுகுக்குப் பின்னால் மாட்டியே கிடக்கும். மாட்டாவிட்டால் வண்டி கீச் கீச் என்று கத்தும், அதற்காக. வயிறு இடிக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த ஊரில் பெல்ட் போட்டு ஓட்டும் ஆம்பிளையைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். வகுப்பில் மட்டும் தினம் கத்துவேன்: "பெல்ட் இல்லாம ஏர்பேக் மருந்து இல்லடா, அடி! பெல்ட் ஆளைப் பிடிச்சு நிறுத்தி வெக்கணும். அப்பத்தான் மூஞ்சி வந்து சேர்றதுக்குள்ள பை நிறைஞ்சு, பின்பக்க ஓட்டை வழியா மூச்சு விட்டு, மெத்துனு வாங்கிக்கும். பிடிச்சு நிறுத்த ஆள் இல்லன்னா, வெடிச்சு வர்ற பையை நீ பாதி வழியிலயே போய் முட்டுவ!"

நான் பாதி வழியில் போய் முட்டினேன். மூக்கு உடைந்தது. விலா இரண்டு விரிசல். மீசை நாகரிகத்துக்காக எடுத்ததல்ல; ஒரு பக்கம் பொசுங்கிப் போயிருந்தது. விலா வலியைப் பற்றிக் கேட்பவர்களிடம் காளையோடு மல்லுக்கட்டினேன் என்று சொல்லிவருகிறேன்.

வண்டியைப் பிரிக்கும்போது இரண்டு பெல்ட்டையும் நானே கழற்றினேன். ஒருமுறை வெடித்த பெல்ட் அப்புறம் நகராது. கடைசியாக எப்படி நின்றதோ அப்படியே செத்துக் கிடக்கும். உன்னுடையது உன் உடம்பு அளவுக்கு வெளியே நிற்கிறது. நாடாவில் தேய்ந்த பளபளப்பும் இருக்கிறது. அதை வகுப்பில் ஆணியடித்து மாட்டி, 'ஓர் உயிரைக் காத்தது' என்று எழுதியிருக்கிறேன். என்னுடையது சீட்டின் முதுகோடு ஒட்டி இறுகியிருந்தது. நடுவில் ஒரு செய்தித்தாள்கூட நுழையாது. எவனையும் தொடாத பெல்ட். அதைக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் போட்டுவிட்டேன்.

நேற்று வகுப்பில் ஒரு பெண் உன் பெல்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க மருமக இப்ப எப்படி இருக்காங்க மாஸ்டர்?" என்று கேட்டாள். நான் துடைத்த பலகையையே திரும்பத் துடைத்தேன். அவர்கள் சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து.

பதக்கம் இல்லாமல் முப்பது வருடம் இருந்தேன். இனிமேலும் இல்லாமல் இருந்திருக்கலாம். அன்று அது தோன்றவில்லை.

வெள்ளைத் தேன் அனுப்பியிருக்கிறேன். பல்பக்கிடம் கொடுத்துவிடாதே.

ஜுமாகதிர்


பிஷ்கேக்,
9 அக்டோபர்

மாமா,

தேன் வந்தது. வைத்திருக்கிறேன், திறக்கவில்லை.

பரிசோதனையில் நடந்ததைச் சொல்கிறேன். டிப்போ டாக்டர் தமாரா அம்மா என் தோளைப் பார்த்தார். மேசைமேல் இருந்த அறிக்கையைப் பார்த்தார். திரும்பவும் தோளைப் பார்த்தார்.

"எந்த வண்டிம்மா?"

"ஜப்பான் கார்."

"நம்ம ஊர் வண்டின்னா ஸ்டீயரிங் இடப்பக்கம். ஜப்பான் கார்ல?"

"வலப்பக்கம்."

"பெல்ட் எப்பவும் ஜன்னல் பக்கத் தோள்லேர்ந்துதான் இறங்கும். வலப்பக்கம் உக்காந்து ஓட்டினவளுக்கு வலத் தோள்ல தடம் இருக்கணும். உனக்கு இடத் தோள்ல இருக்கு. நீ பொய் சொல்றியா, உன் தோள் பொய் சொல்லுதா?"

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

பிறகு உங்கள் இரண்டு தாளையும் எடுத்து உரக்கப் படித்தார். 'இடத் தோளில் நீல நாடாபோல்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "யாரு எழுதினது? நல்லா எழுதுறாரே. இதை எழுதாம விட்டிருந்தா நான்கூட ரெண்டாவது தடவை பாத்திருக்க மாட்டேன்" என்றார்.

"என் மாமா."

"ஆங்" என்றார். அவ்வளவுதான். மாமா, அந்த 'ஆங்' என் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பஸ் நிறுத்தத்துல மோதினவளுக்கு நான் தகுதின்னு எழுதுவேன். எல்லாரும் ஒருநாள் எதுலயாவது மோதுவாங்க. மோதாதவ, மோதினேன்னு எதுக்குக் கையெழுத்துப் போட்டாள்னு தெரியாம நூறு பேர் ஏறுற வண்டியை உன்கிட்டக் குடுக்கச் சொல்ல மாட்டேன். இருபதாம் தேதி வரைக்கும் காகிதத்தை மேசையில வெச்சிருப்பேன். அதுக்கப்புறம் திருப்பி அனுப்பிடுவேன்."

யார் ஓட்டினார் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அக்காள் மகள் தாய்மாமனைக் காட்டிக்கொடுத்தாள் என்று அம்மா காதில் விழக்கூடாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் வழக்கப்படி, தாய்மாமன் வீட்டில் அக்காள் பிள்ளை எதன்மேல் கை வைத்தாலும் அது பிள்ளைக்கு, மாமன் முகம் சுளிக்கக் கூடாது. எனக்கு ஏழு வயதானபோது நீங்கள் ஊரைக் கூட்டி வைத்து, "என் மருமக எதுல வேணாலும் கை வெக்கட்டும், என் குதிரையானாலும் சரி!" என்று கத்தினீர்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் எதையும் தொடவில்லை. அந்த உரிமை இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது கை வைக்கிறேன். கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கும் ஓட்டுநர் பக்கத்து பெல்ட்.

புருல்


கராகோல்,
13 அக்டோபர்

அன்பு மருமகள் புருலுக்கு,

நீ கேட்டு நான் இல்லை என்பேனா? குதிரையைக் கேட்டிருந்தாலும் சேணத்தோடு கொடுத்திருப்பேன். உன் கடிதத்தைப் படித்ததும் நேரே கொட்டகைக்குத்தான் ஓடினேன். சாக்கைத் தூக்கினால் அடியில் பெல்ட் இல்லை! தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால், நம் கன்றுக்குட்டி மென்றுகொண்டிருக்கிறது. கொக்கி மட்டும் வாயோரத்தில் தொங்குகிறது. நானும் உன் அத்தையும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இழுத்தோம். நாடா என்றால் நாடா, ஜப்பான் நாடா, மூன்று டன் எடை தாங்கும், அதையே விழுங்கிவிட்டது பார். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

இப்படி ஆகும் என்று யார் கண்டது? பதிலுக்குக் கம்பளம் ஒன்று அனுப்புகிறேன். சிவப்பு, பெரியது. அதன்மேல் கை வைத்ததாக வைத்துக்கொள்.

டாக்டரம்மாவிடம் நானே போனில் பேசட்டுமா? நான் பேசினால் கேட்பார்கள்.

உன் மாமன்,
ஜுமாகதிர்


பிஷ்கேக்,
15 அக்டோபர்

மாமா,

உங்கள் வீட்டில் மாடே கிடையாது.

கம்பளத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புருல்


பிஷ்கேக்,
டிப்போ எதிரே உள்ள தேநீர்க் கடை,
19 அக்டோபர்

புருலுக்கு,

இதைப் பல்பக் கொண்டுவரவில்லை. வாசலில் இருக்கும் காவலாளியிடம் நானே கொடுக்கிறேன். படித்துவிட்டு நீ வெளியே வர வேண்டியதில்லை.

உன் இரண்டு வரிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். சந்தையில் அந்தக் கிழவர் திரும்பவும் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு, "குதிரைக் கதையைச் சொல்லுப்பா" என்றார். முந்நூறு குதிரை என்று தொடங்கினேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பின்னாலிருந்து, "என்னப்பா, குதிரையெல்லாம் ஓடிப்போச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாக்கைத் தூக்கினேன். பெல்ட் அங்கேதான் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு கல்மாமத்திடம் போனேன். அவன் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

"ஓட்டினது நான்தான்" என்றேன்.

"எதை மாஸ்டர்?"

"பஸ் நிறுத்தத்துல மோதின வண்டியை."

பெல்ட்டை மேசைமேல் வைத்தேன். அவன் நாடாவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. தள்ளினான். உள்ளே போகவும் இல்லை. சுருளுக்கும் கொக்கிக்கும் நடுவில் எவ்வளவு நாடா வெளியே நிற்கிறது என்று பார்த்தான். பிறகு என் வயிற்றைப் பார்த்தான்.

"மாஸ்டர், பெல்ட் போடலைன்னு என்னைத் தேர்வுல மூணு தடவை பெயில் போட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"மூணாவது தடவை என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? பெல்ட் போடாத ஓட்டுநரும் பொய் சொல்ற சாட்சியும் ஒண்ணு, ரெண்டு பேரும் அடுத்தவனைக் கொல்லுவாங்கன்னு சொன்னீங்க. நான் அதை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

அதை நான் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்று மெதுவாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. தன் பெயரும் அந்த அறிக்கையில் இருக்கிறது, தனக்கும் மேலிடத்தில் கேள்வி வரும் என்றான். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. உன்னை மட்டும் அல்ல, அவனையும் இழுத்துவிட்டிருக்கிறேன்.

வாசலில் இருந்த படத்தை நானே இறக்கினேன். ஆணி வரவில்லை, அது மட்டும் நிற்கிறது. பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பயிற்சியாளர் வேலை என்ன ஆகும் என்று அடுத்த வாரம் சொல்வார்கள். வகுப்பில் உன் பெல்ட்டுக்குக் கீழே எழுதியிருந்ததை அழித்துவிட்டு, 'அருகில் அமர்ந்திருந்தவள் அணிந்தது' என்று எழுதினேன். அந்தப் பெண் படித்துவிட்டு, "அப்ப ஓட்டினது யாரு மாஸ்டர்?" என்றாள். சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அவ ஏழு வயசுல உன் குதிரை மேல கை வெச்சிருக்கணும். நான்தான் தடுத்துட்டேன்" என்றாள்.

இங்கே வரும்போது பல்பக்கின் வண்டியில் முன் சீட்டு கிடைத்தது. பெல்ட்டை இழுத்து மாட்டினேன். "என்ன மாஸ்டர், என் ஓட்டு மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டான். பின் சீட்டில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வயிற்றைப் பற்றி ஒன்று, வயதைப் பற்றி இரண்டு. ஏழு மணி நேரமும் விலாவில் அழுத்திக்கொண்டே வந்தது. அந்தத் தொப்பிப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது விளிம்பு உடைந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பல்பக், "இங்கதானே உங்க மருமக..." என்று தொடங்கினான். "நான்" என்றேன்.

கல்மாமத் குறித்துக்கொண்டு திருப்பித் தந்த பெல்ட்டைத் தமாரா அம்மாவிடம் கொடுத்தேன். புதிய அறிக்கையையும் கொடுத்தேன். படித்துவிட்டு, "அந்த ரெண்டு தாள் எழுதினவர் நீங்கதானா? இது சின்னதா இருக்கே" என்றார். "ஆமா" என்றேன். உன் காகிதத்தில் தகுதி என்று எழுதிவிட்டார். ஆனால் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதற்கு இன்றிலிருந்தே ஒரு மாதம் டிப்போவில் வண்டி கழுவ வேண்டுமாம், அதன் பிறகுதான் ஸ்டீயரிங். "அவளுக்கும் அது வேணும்" என்றார். உனக்காக அவரிடம் பேசலாம் என்று வாய் துடித்தது. பேசவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்தேன். வாளியோடு போனாய். இடக் கையில் தூக்காமல் வலக் கையில் தூக்கினாய். கூப்பிடவில்லை.

கல்மாமத்திடம் கொடுத்த அறிக்கையின் நகலைக் கீழே எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

ஓட்டியவர்: ஜுமாகதிர், வயது ஐம்பத்தெட்டு, பயிற்சியாளர்.
அமர்ந்திருந்த பக்கம்: வலது.
பெல்ட்: அணியவில்லை. முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தேன்.
சாலையில் இருந்தவை: ஒரு குதிரை.
மோதும்போது கைகள்: ஸ்டீயரிங்கில் இல்லை.
உடன் இருந்தவர்: புருல், அக்காள் மகள். இடது பக்கம். பெல்ட் அணிந்திருந்தாள்.
முந்தைய அறிக்கை: பொய். எழுதியது நான்.
கூடுதலாகச் சொல்ல விரும்புவது: ஒன்றுமில்லை.